பத்து நாற்பதுக்கு வர வேண்டிய குண்டு

வேலாங்குறிச்சியில் பழைய துப்பாக்கியால் சுட்டால் குண்டு உடனே போய்ச் சேராது. துப்பாக்கிக்கு எத்தனை வயதோ அத்தனை வருடம் எடுத்துக்கொள்ளும். அன்றைக்குக் கடையில் வாங்கிய துப்பாக்கி என்றால் விசைக்குதிரையை இழுத்த கையோடு பட்டுவிடும். 1951இல் செய்த துப்பாக்கியால் 1988இல் சுட்டால் 2025 வரை காத்திருக்க வேண்டியதுதான். நடுவில் குண்டு எங்கே இருக்கிறது என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. வெளியூர் போன மனிதரைப் பற்றித் துருவித் துருவி விசாரிப்பது எப்படி மரியாதை இல்லையோ, இதுவும் அப்படித்தான். நேரம் வந்ததும், சேர வேண்டிய இடத்துக்கு ஒரு முழம் முன்னால் அது வெளிப்பட்டு, மிச்சத் தூரத்தைக் கடந்துகொள்ளும்.

தாலுகா அலுவலகத்தின் வருகைப் பிரிவிலிருந்து கிட்டுசாமிக்கு இளஞ்சிவப்புச் சீட்டு வந்தது. இடம், பழைய ரைபிள் கிளப் மைதானத்து இலக்குப் பலகை. நாள், ஜூன் பன்னிரண்டு, வியாழன். நேரம், காலை பத்து நாற்பது. சுட்டவர் நேரில் இருக்க வேண்டும். சீட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. துப்பாக்கிக்கு ஒரு நாளைக்கு ஐந்து தடவை எண்ணெய் போட்டார். எண்ணெய் அதிகமானால் கட்டை ஊறி உளுத்துப்போகும் என்று முப்பத்தேழு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவர் அவர்தான்.

கூட்டுறவு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது. வீட்டில் நான்கு துப்பாக்கிகளும் எண்ணிக்கையில் அடங்காத கருத்துகளும் இருந்தன. பழைய இரும்பின் கறுப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவன் பாவி என்பது ஒன்று. வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பவன் சேகரிப்பாளன் இல்லை, பழைய இரும்புக் கடைக்காரன். சுட்டால்தான் துப்பாக்கி என்பது இன்னொன்று. தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது குழலைக் கீழ் நோக்கி நிறுத்தச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கட்டைக்குள் இறங்கிவிடும் என்பார். வேட்டைக்குப் பழைய துப்பாக்கிதான் தர்மம் என்பார். பன்றிக்கு வயதாகிச் சாக அவகாசம் கிடைக்கிறதல்லவா? புதுத் துப்பாக்கிக்காரர்களை அவருக்கு ஆகவே ஆகாது. சுட்டுவிட்டு யோசிக்க நேரமில்லாத ஜென்மங்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்.

ஊர் கேட்டுக்கொண்டது. காரணம் இருந்தது. ரைபிள் கிளப்பில் சுட்டவர்கள் எல்லோரும் புதுத் துப்பாக்கியால் சுட்டு, எல்லோர் கண் முன்னாலும் ஒருமுறையாவது குறி தவறியிருந்தார்கள். கிட்டுசாமி மட்டும் தவறவில்லை. அவர் போட்டியில் சுட்டதே ஒரே ஒரு குண்டு, 1988இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1951இல் செய்த துப்பாக்கியால். அதுவும் இன்னும் வரவில்லை. சுட்டு முடித்ததும் ‘குறி தவறவில்லை’ என்ற உறுதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று மாலையே தன் முதல் கருத்தைச் சொன்னார். அதற்கப்புறம் வாய் மூடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பது அவருக்கு மட்டும் தெரியும். குதிரையை இழுக்கிற நொடியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். குழல் வலது பக்கம் ஒரு துள்ளல் துள்ளியது. திறந்து பார்த்தபோது குழலின் முனை பலகையிலிருந்து வலப்புறம் இரண்டடி தள்ளி வெறும் வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்டவெளிதானே, முப்பத்தேழு வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் படிவத்தில் கையெழுத்திட்டார்.

பிறகு கிளப்பைக் கலைத்து, மைதானத்தை மனை போட்டு விற்றார்கள். வர வேண்டிய குண்டு இருக்கும்வரை இலக்குப் பலகையை அகற்றக் கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதியிருந்ததால், அந்த மனையை வாங்கியவர்கள் பலகையைச் சுற்றி வீடு கட்டினார்கள். இப்போது அது வசந்தாமணியின் முன்னறைச் சுவரை ஒட்டி நின்றது. வசந்தாமணி தையற்காரி. நாற்பத்தாறு வயது. ரவிக்கை தைப்பதில் அந்த வட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பதினோரு வருடத்துக்கு முன்பு அவள் தன் தையல் மிஷினைப் பலகைக்கு வலப்புறம் இரண்டடி தள்ளிப் போட்டாள். தெருவுக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார்ந்தவள்தான், சாப்பாட்டுக்குத் தவிர எழுந்திருப்பதில்லை.

சீட்டு வந்த மூன்றாம் நாள் கிட்டுசாமி அங்கே போனார்.

“வாங்க மாஸ்டர். சட்டைங்களா?”

“இல்ல அம்மிணி. சும்மாதான். இந்த மிஷினை ஜன்னல் ஓரமாப் போட்டா வெளிச்சம் நல்லா வருமே?”

“எனக்கு இங்கயே வருதுங்க.”

மறுநாள் வாஸ்து என்றார். அதற்கு மறுநாள் தரை அந்தப் பக்கம் சரிவாக இருப்பதாகச் சொல்லி, ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிக் காட்டினார். பழம் உருளாமல் நின்றது. வசந்தாமணி அதை எடுத்து மத்தியானம் சாதத்தில் பிழிந்துகொண்டாள்.

“என்ற தங்கச்சி ஊர்ல வியாழக்கிழமை கல்யாணம். நீயும் வாயேன், காலைல போயிட்டு வந்தரலாம்.”

“வியாழக்கிழமை உங்க குண்டு வருதுன்னாங்க. நீங்களே அங்க போனா எப்படிங்க?”

அவர் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார்.

“அதுவுமில்லாம எனக்கு வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பொண்ணு ரவிக்கை இருக்குதுங்க. அன்னைக்கு முச்சூடும் எந்திரிக்க முடியாது. என்ற மிஷின் மேல உங்களுக்கு எதுக்குங்க இத்தனை கவலை?”

அவர் எழுந்து வந்தார். வீட்டுக்குப் போகாமல் பேருந்து நிலையத்தை நான்கு சுற்றுச் சுற்றினார். பிறகு நேரே தாலுகா அலுவலகத்துக்குப் போனார்.

வருகை எழுத்தர் அருள்தாஸ் சாந்தமான மனிதர். எந்தக் கேள்விக்கும் விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார், தெரிந்த கேள்வியாக இருந்தாலும்.

“தம்பி, சும்மா ஒரு சந்தேகத்துக்குக் கேக்கறேன். பலகையச் சுத்தி எத்தனை தூரம் ஆளை நகத்துவீங்க?”

“குறி தவறலைன்னு படிவம் இருந்தா பலகைக்கு நேரா நிக்கிறவங்களை மட்டுங்க சார். பக்கத்துல இருக்கறவங்களை நகத்த அதிகாரம் கிடையாது.”

“படிவத்தைத் திருத்தணும்னா?”

அருள்தாஸ் புத்தகத்தைப் புரட்டினார். “திருத்த மனு குடுக்கலாம். ரெண்டு விஷயங்க. குறி தவறிருச்சுன்னு சொல்றவரு, குண்டு வர்ற நேரத்துல பலகைய மறைச்சு நிக்கணும். அதுதான் நிரூபணம். அப்புறம், அந்தப் படிவத்தை நம்பிச் சொன்ன கருத்துகளை எல்லாம் ஒவ்வொண்ணா, கேட்டவங்க வீட்டுக்கே போய் வாபஸ் வாங்கணும். யாருக்குங்க சார் மனு?”

“யாருக்கும் இல்ல. சந்தேகந்தான்.”

அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நிற்பதற்கு அவர் பயப்படவில்லை, அல்லது அவ்வளவு பயப்படவில்லை. வாபஸ் வாங்குவதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எத்தனை வீட்டுப் படி ஏற வேண்டும்! பாலீஷ் போட்டவன் பாவி என்று யாரைச் சொன்னாரோ அவர்களிடம் போய், நீங்கள் பாவி இல்லை என்று சொல்ல வேண்டும். கருத்துகளை எல்லாம் எடுத்துவிட்டால் கிட்டுசாமி என்று மிஞ்சுவது என்ன? பென்ஷன் வாங்கும் ஒரு கிழவன், நான்கு இரும்புக் குழாய்கள். ஒருவேளை குழல் துள்ளியது குண்டு புறப்பட்ட பிறகாக இருக்கலாம் என்று சாப்பாட்டு மேசையில் தட்டையும் டம்ளரையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். எப்படி வைத்தாலும் குண்டு டம்ளருக்குத்தான் போனது. டம்ளர் வசந்தாமணி.

வியாழக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அருள்தாஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார். பலகைக்கு முன்னால் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தாமணி மிஷினில் இருந்தாள். அரக்கு நிறப் பட்டு ரவிக்கையின் முதுகுத் துண்டு ஊசிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

கிட்டுசாமி வாசலுக்கும் பலகைக்கும் நடந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்காமல் வைத்தார். பத்து இருபத்தைந்து. வசந்தாமணியின் முதுகையே பார்த்தார். தோளுக்குக் கீழே, பின்னல் முடிகிற இடத்துக்கு மேலே. அவருடைய கண்ணுக்கு அந்த இடம் நன்றாகத் தெரிந்தது. துப்பாக்கி பிடித்தவன் கண்.

“அம்மிணி, ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள போய்க் காபி போட்டுத் தரயா?”

“பிளாஸ்க்குல இருக்குதுங்க. ஊத்திக்கோங்க.”

பத்து முப்பத்திரண்டு. சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்காக அவருக்கே அவர் மேல் அருவருப்பு வந்தது.

“நான் கண்ணை மூடிட்டேன்,” என்றார்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. “எப்பங்க?”

“சுடறப்ப. குழல் வலது பக்கம் போயிருச்சு. உனக்கு நேரா. எந்திரி அம்மிணி.”

“இந்த ஒரு ஓரம் இருக்குதுங்க. முடிச்சுட்டு எந்திரிக்கறேன்.”

அருள்தாஸ் பையிலிருந்து திருத்த மனுவை எடுத்துக் கொடுத்தார். கிட்டுசாமி கையெழுத்துப் போட்டார். பிறகு சிவப்புத் துணியைத் தாண்டிப் போய், பலகையில் முதுகைப் பொருத்தி, நடு வட்டம் தன் நெஞ்சுக்குப் பின்னால் வருமாறு நின்றார். முப்பத்தேழு வருடமாக அந்த வட்டத்தில் பட்டுவிடாதா என்று ஏங்கியவர், இப்போது பட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார். தன் குறி தவறியிருக்க வேண்டும் என்று இத்தனை மனதாரக் கும்பிட்ட துப்பாக்கிக்காரன் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான்.

பத்து முப்பத்தெட்டு. ஊசி இன்னும் ஓடியது.

“வசந்தா!”

“ஆச்சுங்க.” அவள் நூலைக் கடித்துத் துண்டித்தாள், எழுந்தாள், ரவிக்கையை நாற்காலி முதுகில் போட்டாள், பிளாஸ்க் மூடாமல் கிடக்கிறதே என்று உள்ளே போய் மூடினாள். அருள்தாஸ் கடிகாரத்தைப் பார்த்து விரலை உயர்த்தினார். கிட்டுசாமி இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. நாற்காலி ஒருமுறை ஆடியது. அவ்வளவுதான்.

வசந்தாமணி வந்து ரவிக்கையை விரித்துப் பார்த்தாள். முதுகின் நடுவில் சுத்தமாக ஒரு ஓட்டை. “பரவால்லீங்க. பொண்ணு பின்னாடி ஜன்னல் வெச்சுத்தான் கேட்டுது. இன்னும் கொஞ்சம் பெருசா வெட்டி ஓரம் அடிச்சரலாம்.” உட்கார்ந்து கத்திரியை எடுத்தாள்.

கிட்டுசாமி பலகையோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். அழுகை வந்தது, அழுதார். அருள்தாஸ் நாற்காலியையும் சுவரையும் அளந்து, ‘தவறியது, வலம், இரண்டடி’ என்று எழுதினார்.

“வாபஸை எங்கிருந்து ஆரம்பிக்கட்டும் தம்பி?” என்று கிட்டுசாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “பஜனை கோயில் வீதியில இருந்து வரட்டுமா?”

அருள்தாஸ் புத்தகத்தைத் திறந்தார். விரலால் வரி வரியாகப் போனார். “வந்து சேர்ந்த கருத்தைத்தாங்க சார் வாபஸ் வாங்க முடியும். உங்களோடது எதுவும் இன்னும் வரலை.”

“வரலைன்னா?”

“பழைய துப்பாக்கியப் பத்தின கருத்துக்குத் துப்பாக்கி வயசும் சொன்னவர் வயசும் கூட்டிக்கணும். முதல் கருத்துச் சொன்னப்பத் துப்பாக்கிக்கு முப்பத்தேழு, உங்களுக்கு முப்பத்திநாலு. எழுபத்தொரு வருஷம். ரெண்டாயிரத்து அம்பத்தொம்பதுலதான் முதல்ல ஒண்ணு வரும். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி.”

கிட்டுசாமி யோசித்தார். டீக்கடையில், கல்யாண வீட்டில், நூற்பாலை வாசலில், தன் எதிரே தலையாட்டிய முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர்கள் மரியாதைக்கு ஆட்டியிருக்கிறார்கள். ஒரு வார்த்தைகூட அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

“எங்க வந்து சேரும்?”

“சுட்டவரோட பலகை இருக்கற இடத்துக்குங்க சார், இங்கதான். வாங்கிக்க ஆள் இருக்காங்களான்னு இப்பவே எழுதிக்கணும். இல்லைன்னா ரத்து.” அருள்தாஸ் பேனாவை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

2059இல் கிட்டுசாமிக்கு நூற்றைந்து வயது. முக்காலிக்குப் பின்னால் மிஷின் சத்தம் நின்றது.

“என்ற பேரை எழுதிக்கோங்க,” என்றாள் வசந்தாமணி. “அப்ப எனக்கு எம்பதுதான் ஆகியிருக்கும். எங்க போகப்போறேன்?” எழுந்து வந்து, அருள்தாஸ் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். “வர்றதுகளுக்கு என்னங்க குடுக்கணும்?”

“தண்ணி போதுங்க. தூரத்துல இருந்து வர்றதுக.”

“என்னோடதுக காபி குடிக்கும்,” என்றார் கிட்டுசாமி.

வசந்தாமணி அளவு நோட்டை எடுத்து, கல்யாணப் பெண்ணின் அளவுக்குக் கீழே ‘காபி’ என்று குறித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, சர்க்கரை போடலாமா என்று கேட்டாள்.