பெருக்கமரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

கப்பல் இன்ஜினியர் அந்தப் பெருக்கமரத்தை விதையிலிருந்து வளர்த்தார். ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய காயை உடைத்து, கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து முளைக்கப் போட்டது. காட்டில் இருந்தால் பத்துப் பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அளவு பருக்கும் ஜாதி. மூன்றாம் மாடி வீட்டில், பால்கனிக் கதவோரம் மண்தொட்டிக்குள், அடி புடைத்து இடுப்புயரத்தில் நின்றது.

கப்பலேறும்போது மனைவியிடமும் தங்கையிடமும் தனித்தனியாக, "மரத்தைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். இருவரையும் சேர்த்து நிற்கவைத்துச் சொல்ல வழியில்லை. ஒரே வீட்டில் இருந்தாலும் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள். தங்கை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "வீட்ல நிம்மதி இல்லாமத்தான் எங்கண்ணன் கடலே கதின்னு கிடக்கான்" என்று பக்கத்து வீட்டில் நாத்தனார் சொன்னது, காதுக்குக் காது மாறி அண்ணியிடம் வந்து சேர்ந்தது. அண்ணி ஏன் என்று கேட்கவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து கேஸ் தீர்ந்தால்கூட நடுக்கடலில் இருப்பவருக்குத்தான் தகவல் போகும். அவர் அங்கிருந்து மற்றவளுக்குச் சொல்வார்.

குளிர் தொடங்கியதும் மரம் மஞ்சளித்து, இலையெல்லாம் கொட்டி, மொட்டைக் குச்சியாக நின்றது. செத்துவிடுமோ என்று அண்ணிக்குப் பயம். அவர் ஆசையாய் வளர்த்ததைச் சாகவிட்டாள் என்ற பேர் வேறு வேண்டுமா? காலையில் கடைக்குக் கிளம்புமுன் ஒரு செம்பு ஊற்றினாள். நாத்தனாருக்கும் அதே பயம். டூட்டி முடிந்து வந்து அவளும் ஒரு செம்பு ஊற்றினாள். தொட்டியின் மேலே கூழாங்கல் பரப்பியிருந்ததால் அடி ஈரம் யார் கண்ணுக்கும் படவில்லை. அவரைக் கேட்டிருக்கலாம், கேட்டால் இலை கொட்டியதைச் சொல்லியாக வேண்டும். போனில் இருவருமே, "மரத்துக்கென்ன, ஜம்முனு இருக்கு" என்றார்கள்.

ஒரு விடுமுறை நாளில் நாத்தனார் அங்கே கூட்டுவதற்காகத் தொட்டியை நகர்த்தப் போய், அடிமரத்தைப் பிடித்தாள். விரல் உள்ளே அமுங்கியது. குப்பென்று அழுகல் வாடை.

"அண்ணி!"

யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அண்ணி ஓடிவந்தாள்.

"அழுகிடுச்சு அண்ணி! நான் தினம் தண்ணி ஊத்தினேனே!"

"நீயுமா?"

"அப்ப நீங்களும் ஊத்தினீங்களா?"

அண்ணி போனை எடுத்து அவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும், "இலை கொட்டினா அது தூங்குதுன்னு அர்த்தம். வெயில் வர்ற வரைக்கும் சொட்டுத் தண்ணி கூடாது" என்றார். "அது கிடக்கட்டும். ரெண்டு பேரும் ஒரே போன்லயா பேசறீங்க?"

அவர் சொன்னபடி மரத்தைப் பிடுங்கிக் கழுவி, செய்தித்தாளில் கிடத்தினார்கள். கத்தி அண்ணியின் கையில். நாத்தனார் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

"இன்னும் மேல வெட்டுங்க. பழுப்பு தெரியுது."

"போதும்டி, ஒண்ணுமே மிஞ்சாது."

"மிச்சம் வெச்சா அதுவும் பரவும் அண்ணி."

வெள்ளைச் சதை தெரியும்வரை சீவினார்கள். வேர் குறைந்ததால் தலையையும் குறைத்தார்கள். மிஞ்சியது முழங்கால் உயரம்கூட இல்லை. வெட்டுவாயில் பூசக் கரித்தூளைக் குழைத்துக்கொண்டிருந்தபோது, "என்னாலதான் அவர் கடல்ல கிடக்காருன்னு சொன்னியாமே?" என்று கேட்டாள் அண்ணி.

நாத்தனார் தலை நிமிரவில்லை. "சொன்னேன். அவன் ஒவ்வொரு தடவ கிளம்பறப்பவும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். யார்மேல காட்டறதுன்னு தெரியாம உங்கமேல காட்டிட்டேன். தப்புதான்."

"அவர் போனா எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு?" என்றாள் அண்ணி. "சரி, கரியை இப்படிக் குடு" என்று கை நீட்டினாள்.

மரத்தை நிழலில் காயவிட்டு, வெட்டுவாய் இறுகியதும் மணலும் சரளையும் கலந்து நட்டார்கள். அதன்பிறகு தண்ணீர் ஊற்றாமல் சும்மா இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. செம்பும் கையுமாக ஒருத்தி அந்தப் பக்கம் வந்தால், மற்றவள் தொண்டையைச் செருமுவாள். பேச்சு திரும்பியதுபோல வாய்ச்சண்டையும் திரும்பியது. பாத்திரம் யார் கழுவுவது என்பதில் ஒருநாள் வீடு இரண்டுபட்டது.

வெயில் ஏறியபின் நுனியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. பாசியோ என்று நாத்தனாருக்குச் சந்தேகம். அண்ணி கடையிலிருந்து ஒரு லென்ஸ் கொண்டுவந்து பிடித்துப் பார்த்தாள். மடித்த கையைப் போல ஒரு இலை.

இன்ஜினியர் ஊர் திரும்பியதும் ஷூவைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன் குந்தினார். துளிர்களை எண்ணுவதுபோல உதடு அசைந்தது.

"பழையபடி அடி பெருக்க வருஷக்கணக்காகுமே" என்றார்.

"ஆகட்டும்" என்றாள் நாத்தனார். "எழுந்து கையக் கழுவுண்ணா. அண்ணி சாப்பாடு எடுத்து வெச்சுட்டாங்க."