இரட்டை உச்சி ஸ்புரூஸுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

வெட்டிய மரம் செத்த மரம். செத்ததற்குத் தண்ணீர் ஊற்றுவது பகுத்தறிவுக்கு எதிரான குற்றம். ஓராவாப் பள்ளத்தாக்கில் மனிதர்கள் குடியேறிய காலத்திலிருந்து இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான். அவர் பெயர் திபோர். உள்ளூர்ப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். கண்டுபிடித்ததோடு நில்லாமல், கிறிஸ்துமஸ் மரப் பண்ணையின் சரிவில், முழங்கால் வரை பனியில் புதைந்து நின்றபடி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதை அறிவித்துக்கொண்டிருந்தார்.

அவர் கையில் போன் இருந்தது. போனுக்குள் அவர் மனைவி ஜெல்மீரா இருந்தாள். ஆஸ்திரியாவில், லின்ஸ் நகரத்தில், படுத்த படுக்கையாகிவிட்ட ஹெட்விக் அம்மாளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. முறை வைத்துப் போய்வருகிற வேலை. இந்தத் தடவை அவள் முறை சரியாகக் கிறிஸ்துமஸ் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் திரும்பி வருகிற ஜனவரி ஆறு, மூன்று அரசர் திருநாளில்தான் நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்து என்று முடிவாயிற்று. மரத்தை மட்டும் இப்போதே போன் வழியாக அவளே தேர்ந்தெடுப்பாள்.

"இடது பக்கம் காட்டு. அது வேண்டாம், தொப்பையும் தொந்தியுமா உன்னாட்டமே இருக்கு. அதுக்குப் பின்னாடி... ஐயோ, அது! ரெண்டு உச்சி இருக்கே, அதுதான்!"

பண்ணைக்காரி ஷ்டெஃபானியா சூரியகாந்தி விதை மென்றபடி எட்டிப் பார்த்தாள்.

"அது ஸ்புரூஸ், வாத்தியாரே. நல்லா மணக்கும், ஊசியிலை சீக்கிரம் கொட்டும். மேல் வரிசையில ஃபிர் இருக்கு. கொட்டாது. மணக்கவும் மணக்காது."

"மணக்கவும் வேணும், கொட்டவும் கூடாதுன்னா?"

"அது பாட்டில்ல வருது. மருந்துக்கடையில கேளுங்க."

"எனக்கு மணக்கணும்," என்றது போன். "இங்க எந்தக் கதவத் திறந்தாலும் மருந்து வாடை. வீட்டுக்கு வந்து கதவத் திறந்தா மரம் மணக்கணும், திபோர். வேற ஒண்ணும் கேக்கல."

"நீ வர்ற அன்னைக்கு வரைக்கும் ஒரு ஊசி கொட்டாது. கொட்டினா என் பேரை மாத்திக்கிறேன்."

பக்கத்து வரிசையில் ஜெல்மீராவின் அண்ணன் பிளாஜெய் தன் ஃபிர் மரத்தின் வெட்டுவாயில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தார். காப்பீட்டு முகவர். எதற்கும் முன்னெச்சரிக்கை.

"மாப்ளே, வீட்டுக்குப் போனதும் அடியில ஒரு வில்லை அறுத்து எடுத்துடு. பிசின் அடைச்சுக்கும் பாரு, அதான். வாளித் தண்ணியில வெச்சுக் குளிர்ல ரெண்டு நாள் விட்டு அப்புறம் உள்ள கொண்டு போ. வேளா வேளைக்குத் தண்ணி. காலைல ஒரு வணக்கம்."

"வணக்கமா?"

"நான் சொல்லுவேன். எங்க மரம் பிப்ரவரி வரைக்கும் நிக்குது."

இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தைத் திபோர் விட்டதாகச் சரித்திரம் இல்லை. போனை மச்சான் பக்கம் திருப்பினார். "ஜெல்மீரா, உங்க அண்ணனப் பாரு! சாகக் கிடக்கிறதுக்கு ஸ்பூன்ல தண்ணி ஊட்டி, குட் மார்னிங் சொல்றாராம். அடுத்து டயப்பரும் கட்டி விடுவாரு!"

ஷ்டெஃபானியா சிரித்தாள். பிளாஜெய்கூடச் சிரித்துவிட்டார். போன் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் வைக்கிறேன்," என்றது. "ஹெட்விக்கம்மாவுக்குத் தண்ணி குடுக்கிற நேரம்."

திரை இருண்டது. அத்தனை குளிரிலும் திபோருக்குக் காது சுட்டது.

மரம் வீட்டுக்கு வந்தது. கொள்கைப்படி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல், இரும்புத் தாங்கியில் மூன்று திருகாணிகளால் இறுக்கப்பட்டு, கூடத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்றது. மகள் நேலா கண்ணாடி உருண்டைகளையும் வைக்கோல் நட்சத்திரங்களையும் தொங்கவிட்டாள். கூடவே பளபளக் காகிதத்தில் முறுக்கிய சலோன்கா மிட்டாய்கள். வீடு மணத்தது. திபோருக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டில் இப்போது மூன்று உச்சிகள். இரண்டு மரத்துக்கு, ஒன்று அவருக்கு.

புத்தாண்டை ஒட்டிய ஒரு மத்தியானம் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து, 'டிக் டிக்.'

"எலியா?" என்றாள் நேலா.

திபோர் கரண்டியை வைத்துவிட்டு மரத்தடியைப் பார்த்தார். மூன்று ஊசிகள் கிடந்தன.

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டங்கள் வந்தன. கதவை அறையக் கூடாது. கூடத்தில் குதிகால் ஊன்றி நடக்கக் கூடாது. தும்மல் வந்தால் சமையலறைக்குப் போய்த் தும்ம வேண்டும்.

"அப்பா, இது வீடா, ஐசியூவா?"

"மெதுவா பேசு."

உதிர்ந்த ஊசிகளை அவரே பெருக்கி, காகிதப் பையில் கட்டி, பள்ளிக்கு எடுத்துப் போய் அங்கே குப்பைத் தொட்டியில் போட்டார். வீட்டுத் தொட்டியில் போட்டால் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். கிளைகளில் வெறுமை தெரிந்த இடங்களில் சலோன்காக்களை நகர்த்தி மாட்டினார். மாட்டும்போது கவலையில் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டார். காலிக் காகிதத்தை மறுபடி முறுக்கித் தொங்கவிட்டார். நேலா இந்தத் தொழிலை வருடக்கணக்காகச் செய்துவருகிறவள். அப்பாவின் முறுக்கு சரியில்லை என்று திருத்தினாள்.

"வேற மரம் வாங்கிரலாமே."

"ரெண்டு உச்சி, நேலா! ரெண்டு உச்சிக்கு நான் எங்க போவேன்?"

ஜெல்மீரா தினமும் பேசினாள். பண்ணையில் அவர் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் கணக்கு முடிந்திருக்கும். அவளோ, மரம் எப்படி இருக்கு என்று மட்டுமே கேட்டாள். அவரும் போனை மரத்தின் நல்ல கன்னத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டிவந்தார்.

திருநாளுக்கு முன்னால் வந்த அழைப்பில் அவள் குரல் கம்மியிருந்தது. "எனக்குப் பதிலா வர்றவ வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டா. வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நான் இருக்கணும். ஹெட்விக்கம்மா இப்ப என் கையால மட்டும்தான் குடிக்கிறாங்க, திபோர். விட்டுட்டு வர முடியல. மரம் தாங்குமா?"

"ராஜா மாதிரி நிக்குது."

ராஜா அந்த நேரம் பார்த்து ஒரு கிளையளவு ஊசியைத் தரையில் கொட்டினார்.

"என்ன சத்தம்?"

"சிக்னல் சரியில்ல."

போனை வைத்துவிட்டு நேராக மச்சான் வீட்டுக்கு நடந்தார். ரம்பம் இரவல் வேண்டும், அலமாரிக் கால் ஒன்று உயரமாக இருக்கிறது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். அங்கே பிளாஜெயின் ஃபிர் பச்சைப் பசேல் என்று, தண்ணீர்த் தொட்டியில் கால் நனைத்தபடி, பணக்கார மாமனார் மாதிரி நின்றது.

"எத்தனை காலுள்ள அலமாரி மாப்ளே?" என்றார் பிளாஜெய். "ரெண்டு உச்சி இருக்கிற அலமாரியா?"

திபோர் கூரையைப் பார்த்தார்.

"செத்ததுன்னுதானே சொன்ன? பிறகு எதுக்கு அறுக்கிற, போஸ்ட்மார்ட்டமா?" சிரித்துவிட்டு, ரம்பத்தைக் கையில் கொடுத்தார். "மெதுவா இழு. ரொம்ப ஆட்டிடாத. அவ வேற மரத்தக் கேக்கல."

உருண்டைகளைக் கழற்றி மரத்தைப் படுக்கவைத்தபோது அதன் முதுகுப் பக்கம் பாதி ஊசி தரைக்கு வந்துவிட்டது. திபோர் பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தார். ஒரு வில்லை கழன்று உருண்டது. வெளுத்த ஈர மரம் தெரிந்தது. குப்பென்று மணம் எழும்பியது. நேலா தலைமாட்டைப் பிடிக்க, சூடு போடாத கண்ணாடி முன்னறைக்குத் தூக்கிப்போய் வாளித் தண்ணீரில் நிறுத்தினார்கள். தெருக்கதவைத் திறந்தால் அந்த அறைதான். மொட்டை முதுகைச் சுவருக்குத் திருப்பினார்கள்.

ஆனால் குடிக்குமா? தண்ணீர் குறைந்தாலும் அது தானாக ஆவியாகிப் போனதாக இருக்கலாம். திபோர் இயற்பியல்காரர், தன்னையே நம்பாதவர். மரமில்லாத இன்னொரு வாளியில் அதே அளவு தண்ணீர் வைத்துப் பக்கத்தில் நிறுத்தினார்.

"அந்த வாளிக்கும் சலோன்கா மாட்டவா?" என்றாள் நேலா.

விடிந்ததும் சட்டைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார். மரமில்லாத வாளியில் தண்ணீர் ஊற்றியபடியே இருந்தது. மர வாளியில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. திபோர் குனிந்தவர் நிமிரவில்லை. மறுபடி பார்த்தார், விரலை விட்டும் பார்த்தார். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையில் இப்படியொரு முடிவு வந்ததே இல்லை.

அப்புறம் குளிர் கடுத்தது. வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய பனிக்கட்டி ஆடை படிந்தது. கூடத்துக் கதவைத் திறந்து வீட்டு வெப்பத்தைக் கொஞ்சம் விட்டால் மரம் காயுமோ, விடாவிட்டால் உறையுமோ என்று அந்தக் கதவை ஒரு சாண் திறப்பதும் அரைச் சாண் மூடுவதுமாக நாட்கள் போயின. கீழ்க்கிளைகள் தாழ்ந்து வாளியின் வாயை மறைத்தன, செம்பு நுழையாது. சூப் கரண்டியால் மொண்டு மொண்டுதான் ஊற்ற வேண்டியிருந்தது. பள்ளிக்குப் போனாலும் மனசு அந்தக் கரண்டியிலேயே கிடந்தது.

ஜெல்மீரா சொல்லாமல் வந்தாள். நேலா பள்ளி நாடக ஒத்திகைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, லின்ஸ் வண்டி தெருமுனையில் அவளை இறக்கிவிட்டிருக்கிறது. திபோர் மண்டியிட்டுக் கரண்டியோடு கிளைகளுக்கு அடியில் இருந்தபோது தெருக்கதவு திறந்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

"மணக்குது," என்றாள்.

பிறகு கண்ணைத் திறந்து மரத்தைப் பார்த்தாள். பசியோடு ஒரு சலோன்காவைப் பிரித்தாள், காலி. இன்னொன்று, காலி. அந்த அசைவுக்கே ஊசிகள் பொலபொலவென்று அவள் காலணி மேல் கொட்டின.

"நேலாவா?"

"நேலாவும்."

"உன் புதுப் பேர் என்ன?"

திபோர் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"கையில என்ன கரண்டி?"

"சூப்புக்கு."

அவள் குனிந்தாள். அவர் தலையில் ஒட்டியிருந்த ஊசியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "ஹெட்விக்கம்மா இப்ப பரவாயில்ல. நான் குளிச்சிட்டு வரேன்," என்று உள்ளே போனாள். கதவை அறையாமல் சாத்தினாள்.

குழாய்ச் சத்தம் கேட்கும் வரை திபோர் அசையாமல் இருந்தார். பிறகு சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிளையை விலக்கி, கரண்டியைச் சாய்த்தார்.

"வணக்கம்," என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "வந்துட்டா. குடி."