கேட்கவில்லை

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ஃபைல் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த பெரிய டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். பதிவறையில் பதினெட்டு வருஷம். பேச்சு குறைவு. ஒரு கேள்வி கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால் பதில் தயாராக இருக்கும் என்று கவுண்டர் பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

நாற்பத்து நாலு வயதில் ஆன்லைனில், மருத்துவப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் கையாளக் கற்றுத்தரும் ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் முதுகலை சேர்ந்தபோது கிண்டலுக்குப் புதுத் தீனி கிடைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபைல் அடுக்குகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு, காதில் வயரைச் சொருகிக்கொண்டு வகுப்பு கேட்பாள். "என்னக்கா, பாட்டா, பாடமா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். தலையை ஆட்டுவாள். எதற்கு ஆமாம் சொன்னாள் என்று யாருக்கும் விளங்காது.

கடைசிப் பருவத்தில் ஒரு ஆய்வு செய்ய வேண்டும்.

"நீங்க வேலை பார்க்கிற இடத்துல கம்ப்யூட்டர் ஃபார்ம்ல ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கங்க," என்றார் பேராசிரியை. "அதுல இருக்கிற பதில் எங்க பிறந்துச்சுன்னு பின்னாலேயே போய்ப் பாருங்க."

அவள் அலர்ஜிக் கட்டத்தை எடுத்துக்கொண்டாள். எந்த மருந்தாவது நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்கும் கட்டம். மூன்று வருஷத்தில் ஒன்றுகூடக் காலியாக இல்லை. சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

முடியவில்லை. நானூறு பழைய காகித ஃபைல்களை இறக்கி, கம்ப்யூட்டரோடு ஒத்துப் பார்த்தாள். இருநூற்று முப்பத்தாறு காகிதங்களில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துப் பதிவறைக்காரர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றியதிலோ அத்தனைக்கும் 'இல்லை'. ஃபார்மில் இருப்பது இரண்டே பட்டன்: உண்டு, இல்லை. ஒன்றை அழுத்தாவிட்டால் சேவ் ஆகாது. வரிசை நீளும்போது கை தானாக 'இல்லை'க்குப் போகும். யாரும் பொய் சொல்ல நினைத்ததில்லை. அவளும் நினைத்ததில்லை.

போன வருஷம் ஊசி போட்டவுடன் முகம் வீங்கி, மூச்சு முட்டிப் பிழைத்த ஒரு பெண்ணின் ஃபைலும் அந்த இருநூற்று முப்பத்தாறில் இருந்தது. பதிவு செய்தது யார் ஐடி என்று பார்த்தாள். அவளுடையது. பிறகு அன்றைக்கு முழுக்க அவள் யாரிடமும் பேசவில்லை. வித்தியாசம் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஃபைல்களைப் பார்க்க ஆரம்பத்திலேயே அனுமதி வாங்கியிருந்தாள். முடிவில் மேனேஜர் படித்துப் பார்த்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கியது: 'முழுமையான பதிவுகள், நூறு சதவீதம்.'

"பிரமாதம்க்கா," என்றார். "அந்த இருநூத்து முப்பத்தாறு கணக்கு இருக்கிற பதினோராம் பக்கத்தை மட்டும் எடுத்துடுங்க. இப்பவே போட்டுத் தர்றேன்."

"அதை எடுத்தா மிச்சம் அட்டைதான் சார்."

"உங்க நல்லதுக்குச் சொல்றேன். அந்த எண்ட்ரியெல்லாம் யார் ஐடில இருக்குன்னு பார்த்தீங்களா? பாதி உங்களோடது."

"பாதிக்கு மேல. முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன். நீங்க நேரா பதினொண்ணுக்குப் போயிட்டீங்க."

மேனேஜர் பேனாவை மூடினார். "சரி, என்னதான் பண்ணணும்கிறீங்க?"

"மூணாவதா ஒரு பட்டன் வேணும். 'கேட்கவில்லை'ன்னு."

"ஒரு ஆஸ்பத்திரி தன் வாயால அப்படி எழுதி வைக்குமாக்கா? மானம் போயிடாது?"

அவள் வழக்கம்போல் யோசித்தாள். அவர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

"கேக்காம விட்டப்போ போகாத மானம், அதை எழுதினாத்தான் போகுமா சார்?"

கையெழுத்து கிடைக்கவில்லை.

லேத் பட்டறையிலிருந்து வந்த கணவர் கை கழுவிக்கொண்டே விசாரித்தார். "போடலைன்னா?"

"திருத்த மாட்டாங்க. பருவத்தைத் திரும்பப் படிக்கணும். ஆறு மாசம்."

"ஒரு பக்கம்தானேம்மா. கிழிச்சுப் போட்டுட்டுப் பட்டத்தை வாங்கிக்க. அப்புறம் பெரிய ஆளாகி எழுது."

அவள் துண்டை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டதும் சொன்னாள்: "அந்தம்மாவுக்கு முகம் வீங்கினப்போ அவங்க பொண்ணு பதிவறைக்கு வந்துச்சு. 'எங்கம்மாகிட்ட யாரு கேட்டீங்க?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஃபைல் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்."

அவர் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுக்கு போன பிறகும் துடைத்தார்.

"அப்போ கிழிக்காத," என்றார்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். பல்கலைக்கழகத்தின் பக்கத்திலும் ஒரு கட்டம் இருந்தது. 'நிறுவனத்தின் ஒப்புதல்: உண்டு, இல்லை.' அவள் 'இல்லை'யை அழுத்தினாள். இது வாயைத் திறந்து கேட்டு, முகத்துக்கு நேரே வாங்கிய இல்லை. ஒப்புதல் இல்லாத ஆய்வு மதிப்பிடப்படாது என்று சிவப்பு எழுத்து வந்தது. பதினோராம் பக்கத்தோடு அனுப்பிவிட்டுப் போனைப் பையில் போட்டாள்.

திங்கட்கிழமை காலை கவுண்டரில் கூட்டம். முதல் காகிதம் வார்டில் சேர்த்திருந்த ஒருவருடையது; அதிலேயே அலர்ஜி இடம் காலி. கை பழக்கத்தில் 'இல்லை' வரை போனது. அவள் கையை இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்றாள் பக்கத்துக் கவுண்டர் பெண்.

"கேக்க."

வார்டு வாசலில் மேனேஜர் எதிரே வந்தார். "வரிசை வாசலைத் தாண்டிடுச்சுக்கா! கட்டத்தை அழுத்திட்டு ஆளை அனுப்புங்க!"

"அனுப்பலாம் சார். இவரைக் கேட்டுடறேன்."

"இப்படி ஒவ்வொருத்தரையுமா?"

"காலியா வர்ற ஒவ்வொருத்தரையும்."

கட்டிலில் ஒரு வண்டி ஓட்டுநர், காலில் கட்டோடு. அவள் பக்கத்தில் நின்றாள். "இதுக்கு முன்னாடி எந்த மருந்துக்காவது உடம்பு தடிச்சிருக்கா? மூச்சு முட்டியிருக்கா?"

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். சின்ன வயது வரைக்கும் போய்த் தேடுகிற மாதிரி இருந்தது. வேறு யாராவது என்றால் பொறுமை போயிருக்கும். காத்திருப்பதில் அவளுக்கு ஈடு அந்தக் கட்டடத்தில் யாரும் கிடையாது.

"இல்லம்மா," என்றார் கடைசியில். "அப்படி எதுவும் இல்ல."

திரும்பி வந்து 'இல்லை'யை அழுத்தினாள். கீழே குறிப்பு எழுதும் இடத்தில் 'நேரில் கேட்டேன்' என்று அடித்து, மணியையும் தன் ஐடியையும் போட்டாள். வரிசை முணுமுணுத்தது. அடுத்த காகிதத்தை எடுத்தாள். அதுவும் காலி.

மறுபடி எழுந்தாள்.