தெற்குக் குழி

1

இந்தக் கதை எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடைத்தது. மடியில் கணினியை வைத்துக்கொண்டு அக்கா அழுதுகொண்டிருந்தாள். உள்ளே அத்தான் நாட்களை எண்ணிக்கொண்டு படுத்திருந்தார். அவருக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் அழுதது ஒரு படத்தைப் பார்த்து.

(எந்தப் படம் என்று சொல்லாமல் வாசகரை இழுத்தடிப்பது அயோக்கியத்தனம். சொல்லிவிடுகிறேன்.)

2

அக்காவும் அத்தானும் வானியலாளர்கள். கேலக்ஸிகள், அதாவது நட்சத்திர மண்டலங்கள், கூட்டமாக இருக்கும் இடத்தில், அவற்றுக்கு நடுவே கொதிக்கும் வாயு நிறைந்திருக்கும். அது ஆறினால் புது நட்சத்திரங்கள் பிறக்கும். நடுவிலிருந்து ரேடியோ அலை உமிழும் கேலக்ஸி ஆற விடாது. தன் கருந்துளையருகிலிருந்து இரு பக்கமும் துகள்களைப் பீய்ச்சியடித்து, வாயுவில் பெரும் குமிழிகளை ஊதிச் சூட்டைக் காக்கும். எக்ஸ்ரே தொலைநோக்கிப் படத்தில் அவை இருண்ட குழிகளாகத் தெரியும்.

அப்படியொரு கேலக்ஸிக் கூட்டத்தில் வடக்கிலும் தெற்கிலும் அத்தான் குழிகளைக் கண்டார். நிஜக் குமிழியென்றால் அதிலிருந்து ரேடியோ அலை வரவேண்டும்; வடக்கில் இருந்தது, தெற்கில் இல்லை. "அது பழைய குமிழி, மங்கிப்போச்சு. தாழ்ந்த அலைவரிசையில பாத்தா தெரியும்" என்று எல்லோரிடமும் மல்லுக்கு நின்றார். அவருக்குப் பேர் வாங்கித் தந்தது அந்தத் தெற்குக் குழிதான்.

3

அந்தத் தாழ்ந்த அலைவரிசைப் படம், அக்கா வராந்தாவில் அழுத அன்று காலை வந்தது. வடக்கு நிறைந்திருந்தது. தெற்கு காலி.

அக்கா பழைய எக்ஸ்ரே தரவைத் தோண்டினாள். கேமராவில் படத்தைப் பதியும் இரண்டு சில்லுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு. அங்கே படம் இருளும், அதை ஈடுகட்டித் திருத்த வேண்டும். அத்தான் வேறொரு நாள் படத்துக்கான திருத்தத்தை இதற்குப் போட்டிருந்தார். தெற்குக் குழி வானத்தில் இல்லை, கேமராவில் இருந்தது. அந்தத் திருத்தத்தை அப்போது சரிபார்த்தவள் அக்காதான்.

அவருடைய நுரையீரல் படத்திலும் அதே மாதிரி ஒரு

(வேண்டாம். எழுதக் கூசுகிறது.)

4

சில நாள் கழித்து, இதுவரை எழுதியதை இரண்டு முடிவுகளோடு அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். முதல் முடிவு: "வந்துருச்சு, நீங்க சொன்னபடியே இருக்கு" என்கிறாள் அக்கா. அவர் நிம்மதியாகக் கண்ணை

இந்த இடத்தில் அக்கா படிப்பதை நிறுத்தினாள். "வேற எதுல வேணா பொய் சொல்லலாம்டா. தரவுல சொன்னா மன்னிக்கவே மாட்டார்."

இரண்டாம் முடிவு: உண்மையைச் சொல்கிறாள். "நல்லவேளை, நீயே கண்டுபிடிச்ச" என்று அவர் சிரிக்கிறார்.

"சிரிப்பாராக்கும். கொண்டா, நானே பாக்கறேன்னு எழுந்து உக்காரப் பார்ப்பார். அவரால உக்கார முடியாது."

"அப்ப நீ என்னதான் சொன்ன?"

"இன்னும் வரலைன்னேன். தினமும் கேக்கறார். தினமும் அதையே சொல்றேன்."

அதுவும் பொய்தானே என்று நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாததா?

5

அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருக்கிறாள். கணினி இப்போது என் மடியில், படம் திறந்தபடி. உள்ளேயிருந்து அத்தானின் குரல்.

"யாரு வெளியில? படம் வந்துருச்சா?"

கதை கட்டியே பிழைப்பவன் நான், கணினியை, வாசகரே, உங்கள் கையில் தருகிறேன். அவருக்குக் கதவருகே ஓர் ஆள் நிற்பது மட்டும் தெரிகிறது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு நிற்பது நீங்கள்.

உள்ளே போங்கள்.