ஆறு சொட்டு மெழுகு

"சாயமெண்டா விட்டுரலாம் புள்ள, தண்ணி உள்ளுக்குப் போவும். இது மெழுகு. மெழுகோட குளிப்பு கூடாது," என்றார் றஹ்மத் உம்மா, மய்யித்தாய்க் கிடந்த நஃபீஸாவின் வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி. ஊரில் இறந்த பெண்களின் ஜனாஸாவை அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டுகிறவர் அவர்தான்.

தங்கை ஷஃபீனா குனிந்து பார்த்தாள். மணிக்கட்டு வரை நீலம். அதன்மேல் ஆறு சொட்டு மெழுகு.

நேற்று மாலை, கற்பிட்டி ஹோட்டலுக்குப் பத்திக் துணி. மெழுகால் மீன் வரைந்து, கையைக்கூடத் துடைக்காமல் நீலச் சாயத்தில் முக்கினாள் நஃபீஸா. "தேத்தண்ணி பொறகு குடிங்க ராத்தா, துணிய முதல்ல முடிங்க," என்று விரட்டியது ஷஃபீனாதான். துணியைத் தூக்கும்போதே ராத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். பாழாய்ப்போன துணி! ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அலீமா மாமி வெந்நீர்ச் செம்போடு வந்தாள். "இத ஊத்தினா உருகிப் போவுமே?"

"ஊத்தாதீங்க மாமி! உருகினாக் கையெல்லாம் பூசிரும். ராத்தாவுக்கும் நோகும். ஐஸ் வச்சா மெழுகு வெடிச்சு உதிரும்."

கதவுச் சீலையை விலக்கி நஃபீஸாவின் புருசனைக் கூப்பிட்டாள். "மச்சான், மீன்வாடில ஐஸ் எடுத்து வாங்க!"

முற்றத்தில் அது வேறு கதையாகிவிட்டது. "ஐஸா?" ஊர்ப் பெரியவர் செய்னுலாப்தீன் ஹாஜியார் கதிரையை விட்டு எழும்பினார். "பகல் லுஹர் தொழுகையோட அடக்கணும். மய்யித்த நாளைக்கு வைக்கப் போறீங்களா? என்ன ஊர்ப் பழக்கம் இது?"

ஷஃபீனாவுக்கு வெந்த புண்ணில் வேல். "ஆரும் வைக்கல்ல! ராத்தாட கையில மெழுகு இரிக்கி. வாய மூடிக்கிட்டு இரிங்க ஹாஜியார்!"

அவரை எதிர்த்து அவள் இதுவரை ஒரு சொல் பேசியதில்லை. ஹாஜியார் உட்கார்ந்துவிட்டார். மஸாஹிர் மச்சான் செருப்பும் போடாமல் ஐஸுக்கு ஓடினார்.

ஐஸைச் சீலைத்துண்டில் சுற்றி ஒவ்வொரு சொட்டின்மேலும் வைத்து எடுத்தாள். மெழுகு வெளுத்தது, வெடித்தது, விரல் பட்டதும் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் நீலம் இல்லை. ராத்தாவின் சொந்த நிறம் மாநிறமாய்த் தெரிந்தது. இத்தனை வருசச் சாயத்தில் அந்த நிறமே ஷஃபீனாவுக்கு மறந்துபோயிருந்தது.

ஆறாவதும் உதிர்ந்தது. பள்ளியில் பாங்கு சொன்னார்கள்.

"அல்ஹம்துலில்லாஹ். நேரமாவுது, தண்ணிய ஊத்து புள்ள," என்றார் றஹ்மத் உம்மா.

ஷஃபீனா செம்பை எடுக்கவில்லை. ஐஸ் பட்ட அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, சூடு வரட்டும் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.