நேரில் சொன்ன கலியாணம்

இணுவில் கதிரவேலு தன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள்ளும் வாயில் வைத்தறியாத மனுசன். கள்ளுக்கடைப் பக்கமிருந்து காற்று வீசிய ஒரு நாள், மூச்சை அடக்கியபடி சுன்னாகம் வரைக்கும் சைக்கிள் ஓடிப் போனவர் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய்யாக இருக்க இடமில்லை. அன்றைக்குக் காற்று நல்ல பலம்.

அப்படிப்பட்டவர் ஒரு பின்னேரத்தில் வலிகாமத்தின் பாதிப் பார்களில் ஏறி இறங்கினார் என்றால், அதற்குக் காரணம் வட்ஸ்அப்.

மகள் ஆரபிக்குக் கலியாணம். அழைப்பிதழைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுவதென்று முடிவானது. "அப்பா, ஒரே அமத்திலை எல்லாருக்கும் போயிடும்" என்றாள் ஆரபி. கதிரவேலுவும் அமத்தினார். எல்லாருக்கும் போனது. மனைவி அருந்ததியின் அண்ணை பொன்னம்பலத்துக்கும் போனது. வட்ஸ்அப்பில் நீலச் சரி இரண்டு விழுந்தது. அதற்குப் பிறகு பொன்னம்பலம் வீட்டுக் கேற்றில் பூட்டு விழுந்தது. போன் எடுத்தால் மணி அடிக்கும், ஆள் பேசமாட்டார்.

யாழ்ப்பாணத்தில் கலியாணம் என்றால் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வாசலில் நின்று சொல்லிவிட்டு ஓடினாலும் போதாது. உள்ளே போய் இருந்து, தருகிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. அதிலும் தாய்மாமனுக்கு!

"நாளைக்குக் காலமை கன்னிக்கால்" என்றாள் அருந்ததி. முற்றத்தில் முருக்கங்கொப்பு நட்டுக் கலியாண வேலையைத் தொடங்கி வைக்கிற சடங்கு அது. "என்ரை அண்ணை வந்து பிடிக்காமல் இந்த முற்றத்திலை ஒரு ஈர்க்கும் ஊண்ட விடமாட்டன். போய்ச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"எங்கை போய்ச் சொல்லுறது? வீடு பூட்டிக் கிடக்கு."

"வீடு பூட்டிக் கிடந்தால் மனுசன் எங்கை இருக்குமெண்டு ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

கதிரவேலு பழைய மோட்டார்சைக்கிளை உதைத்தார். அதன் சத்தம் கேட்டால் மருதனார்மடத்தில் கட்டியிருக்கும் ஆடுகூட 'கதிரவேலர் வாறார்' என்று எழும்பி நிற்கும். ஒளித்துப் போகிற அலுவலுக்கு ஏற்ற வாகனம் இல்லை.

பொன்னம்பலமும் இணுவில்தான், பின்னேரமானால் குடிக்கப் போகிறவர். எங்கே தேடுவது என்பதில் கதிரவேலுவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இந்தக் குடாநாட்டில் ஒருத்தனும் தன் ஊரில் இருந்து குடிக்கமாட்டான். மானம் போய்விடும். இணுவிலான் சுன்னாகத்துக்குப் போவான். சுன்னாகத்தான் இணுவிலுக்கு வருவான். கொஞ்சம் வசதியானவன் யாழ்ப்பாண ரவுணுக்குப் போவான். பின்னேரங்களில் கே.கே.எஸ். வீதியில் அவ்வளவு சன நெரிசல் ஏன் என்று வெளியூர்க்காரர் யோசிப்பதுண்டு. ஆகவே முதலில் சுன்னாகம்.

சுன்னாகத்துப் பார் வெங்காயச் சந்தைக்குப் பின்னால் இருந்தது. அதில் ஒரு வசதி உண்டு. கண் சிவந்து வீட்டுக்குப் போனால், வெங்காயம் வாங்கப் போனேன் என்று சொல்லலாம். அதனால் இணுவிலில் சில வீடுகளில் வெங்காயம் வைக்க இடமில்லாமல் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

கதிரவேலு உள்ளே நுழைந்தார். நுழைந்த உடனே, கதவோரத்து மேசையில் இருந்த ஒருவர் முழுப் பேப்பரையும் விரித்து முகத்தை மூடினார். பேப்பர் தலைகீழாக இருந்தது. அதற்கு மேலே தெரிந்த வழுக்கையைக் கதிரவேலுவுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு நேசையா. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர்.

"நேசையா, பொன்னம்பலத்தைக் கண்டனீரோ?" என்று கேட்கத்தான் கதிரவேலு வாயைத் திறந்தார். அதற்குள் நேசையா முந்திக்கொண்டார். பிடிபட்டவனுக்கு எங்கிருந்தோ புத்தி வரும்.

"அண்ணை! கலியாணத்துக்குச் சொல்லவோ வந்தனியள்?"

கதிரவேலு கதவைத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்றால், பிறகு இங்கே எதற்கு வந்தீர் என்று கேள்வி வரும். ஓம் என்றால், நேசையாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியதை என்ன செய்வது?

"ஓம்" என்றார்.

"பாத்தியளே! போனிலை அனுப்பினாலும், நேரிலையும் சொல்ல வேணுமெண்டு இவ்வளவு தூரம் தேடி வந்திருக்கிறார்!" நேசையா எழும்பி நின்று முழுப் பாருக்கும் அறிவித்தார். பாட்டு எடுத்துக் கொடுத்துப் பழகிய குரல். மேசைக்கு மேசை இணுவில் தலைகள் கிளம்பின. மிளகாய் மில்காரர், வாசிகசாலைச் செயலாளர், மூன்று வருசமாகக் கதிரவேலுவோடு வேலிச் சண்டை பிடிக்கிற கோபிசங்கர். எல்லாருக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. கோபிசங்கர் கண் கலங்கினார். வெங்காயமாகவும் இருக்கலாம்.

"இருங்கோ அண்ணை, வாய் நனைச்சிட்டுப் போங்கோ."

"வேண்டாம், வேண்டாம், இன்னும் சொல்ல இருக்கு" என்றபடி கதிரவேலு வெளியே பாய்ந்தார். பொன்னம்பலத்தைப் பற்றிக் கேட்க மறந்துபோனது மோட்டார்சைக்கிளில் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது.

"சனியன் பிடிச்ச வட்ஸ்அப்" என்றார். தான் அமத்திய விரலையும் ஒருமுறை முறைத்துப் பார்த்தார்.

அடுத்தது ரவுண். அங்கே ஒரு ஹோட்டலின் மேல்மாடியில் லவுஞ்ச். சொகுசான இடம், சொகுசென்றால் இருட்டு. தகப்பனும் மகனும் பக்கத்துப் பக்கத்து மேசையில் ஆறு மாதம் வந்திருந்தும் ஒருவரை ஒருவர் கண்டதில்லையாம். ஒரு நாள் பாட்டுக் கொஞ்சம் நின்றபோது மகன் தும்ம, "நூறு வயசு மோனை" என்றாராம் தகப்பன். அன்றைக்குத்தான் தெரிந்தது.

கதிரவேலு தடவித் தடவிப் போனார். ஒரு கதிரையில் தட்டுப்பட்டு, அதில் இருந்தவரின் தலையைப் பிடித்து நிமிர்ந்தார்.

"மச்சான்?" என்றார் மெல்ல.

"ஓம் மச்சான்" என்றன ஏழெட்டுக் குரல்கள்.

"இது கதிரவேலரின்ரை குரலெல்லோ?" என்றது ஒரு மூலை. "கலியாணம் சொல்ல வந்திருக்கிறார். சுன்னாகத்திலை சொல்லி முடிச்சிட்டாராம். இப்பதான் நேசையா போன் பண்ணினவன்."

போன் என்கிற சாமான் இருக்கிறதே. கதிரவேலு பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் தெரியாத இருட்டைப் பார்த்துக் கும்பிட்டு, "குடும்பத்தோடை வாங்கோ" என்றார். இருட்டு, "கட்டாயம் வருவம்" என்றது. அதற்குள் இன்னொரு குரல், மிக மரியாதையாக, மிகப் பக்கத்தில் கேட்டது.

"தாய்மாமன் நாளைக்குக் கன்னிக்காலுக்கு வருவார்தானே? ஏதோ மனத்தாங்கல் எண்டு கேள்விப்பட்டம்."

 அந்தக் குரல் மாப்பிள்ளையின் தகப்பனுடையது. தாய்மாமன் வராத வீடு என்று அங்கே ஒரு கதை கிளம்பினால், பிறகு பிள்ளை போகிற வீட்டில் ஆயுளுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"வராமல்? முதல் ஆளாய் நிப்பார், சம்பந்தி."

"நல்லது. நாங்கள் ரண்டு பேரும் இண்டைக்குச் சந்திக்கேல்லை, என்ன?"

"சந்திக்கவே இல்லை."

படியிறங்கி வீதிக்கு வந்ததும் போன் அடித்தது. பொன்னம்பலம்! இத்தனை நாள் எடுக்காத மனுசன் தானாக எடுக்கிறார்.

"என்ன ஐசே," என்றது குரல், "சுன்னாகத்துக் குடிகாரருக்கு நேரிலை சொன்னீராம். ரவுண் குடிகாரருக்கு நேரிலை சொன்னீராம். வேலியை வெட்டினவனுக்கும் நேரிலை சொன்னீராம். எனக்குப் போனிலை ஒரு படம்!"

"மச்சான், உங்களைத் தேடித்தானே—"

வெட்டிவிட்டார். ஆனால் வெட்டுவதற்கு முன்பு, பொன்னம்பலத்தின் குரலுக்குப் பின்னால் ஒரு மணி கேட்டது. கந்தசாமி கோவில் பின்னேரப் பூசை மணி. அந்த மணியைக் கேட்டுக்கொண்டு வளர்ந்தவர் கதிரவேலு. கடலுக்கு அடியில் கேட்டாலும் இது இணுவில் மணி என்று சொல்வார்.

இணுவிலில், வீட்டிலும் இல்லாமல், கோவிலிலும் இல்லாமல், ஒரு மனுசன் எங்கே இருக்கலாம்?

ஊர் எல்லைப் பனங்கூடலுக்குள் இருக்கிற தவறணைதான் மிச்சம். இணுவில்காரர் எவரும் கால் வைக்காத கள்ளுக்கடை. கதிரவேலு போய் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தவர்கள் முழுக்கச் சுன்னாகத்துக்காரர். நடுவில், அரசனைப்போலக் காலை நீட்டிக்கொண்டு பொன்னம்பலம். இணுவில் சனத்தின் கண்ணில் படாமல் இருக்க இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லையென்று அவர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார். முன்னால் ஒரு தட்டுக் கடலையும், ஒரு கிளாஸ் சோடாவும். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்து, கள்ளை விட்டு நாலு மாதம்.

"இதுக்குள்ளை இருந்துகொண்டோ என்னை ஊர் ஊராய் அலைய விட்டனீங்கள்?" கதிரவேலுவுக்கு அழுகை வரப்பார்த்தது.

"ஆர் அலையச் சொன்னது? ஊருக்குள்ளை தேடியிருக்கலாமே."

"சரி மச்சான். நாளைக்குக் காலமை கன்னிக்கால். நீங்கள் வந்துதான்—"

"நிண்டுகொண்டே சொல்லுவீர்? வாசலிலை பால்காரனுக்குச் சொல்லுற மாதிரி?"

கதிரவேலு இருந்தார்.

"வந்த இடத்திலை ஒரு வாய் குடிக்காமலே சொல்லுவீர்?"

"சோடா ஒண்டு தரச் சொல்லுங்கோ."

"சோடா வருத்தக்காரருக்கு. கலியாணம் சொல்ல வந்தவைக்குக் கடையிலை என்ன இருக்கோ அதுதான்." பொன்னம்பலம் கையைக் காட்டினார். நுரை தள்ளிக்கொண்டு ஒரு கிளாஸ் வந்தது.

சுன்னாகத்துக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கதிரவேலு ஆரபியை நினைத்தார், சம்பந்தியின் குரலை நினைத்தார், மூக்கைப் பொத்தினார், ஒரே மூச்சில் குடித்தார். குடித்து முடித்து, மீசை நிறைய நுரையோடு, கையைக் கூப்பிச் சொன்னார். "மச்சான், பிள்ளையின்ரை கலியாணம். நீங்கள் வந்து நடத்தித் தர வேணும்."

பொன்னம்பலத்தின் முகம் இளகியது. வாயைத் திறந்தார். "எல்லாம் சரி. ஆனால் புருசனும் பெண்சாதியுமாய் வந்தெல்லோ சொல்லுறது?"

கதிரவேலு கிளாசை மேசையில் குத்தினார். அந்தக் குத்தில் கடலை பறந்தது. அதே நேரம் வாசலில் ஸ்கூட்டி ஒன்று வந்து நின்றது. பட்டுச் சேலையோடு, கையில் வெற்றிலைத் தட்டத்தோடு அருந்ததி இறங்கினாள்.

"அண்ணை இஞ்சைதான் இருப்பாரெண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சால் ஏன் அப்பவே சொல்லேல்லை?" என்று கத்தினார் கதிரவேலு.

"ஊருக்கே தெரியுமெண்டு சொன்னனான்தானே. உது என்ன மீசையிலை?"

கதிரவேலு துடைத்தார். அருந்ததி தட்டத்தை அண்ணையிடம் நீட்டினாள். பொன்னம்பலம் எழுந்து, சால்வையைச் சரிசெய்து, இரண்டு கையாலும் வாங்கினார். சுன்னாகத்துக்காரரும் மரியாதைக்கு எழுந்து நின்றார்கள். அவர்களில் வயதான ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, நாங்களும் இஞ்சைதான் நிக்கிறம்..."

அருந்ததி புருசனைப் பார்த்தாள். கதிரவேலு வானத்தைப் பார்த்தார். "நீங்களும் குடும்பத்தோடை வாங்கோ" என்றாள் அருந்ததி. வேறு என்ன செய்வது?

மறுநாள் விடிய முதல் ஆளாகப் பொன்னம்பலம் வந்து கன்னிக்காலைப் பிடித்தார். கொப்பு சரிவு என்று இரண்டு தரம் பிடுங்கி நடவைத்தார். கதிரவேலு இரண்டு தரமும் குழியைத் திருப்பி வெட்டினார்.

கலியாணத்தன்று மண்டபம் கொள்ளவில்லை. மூன்றாம் பந்திக்குச் சோறு முடிந்து, நான்காம் பந்திக்கு இரண்டாம் தரமும் உலை வைத்தார்கள். சம்பந்தி அசந்துபோனார். வந்த பெண்டுகள் எல்லாரும் அருந்ததியின் கையைப் பிடித்து, "இந்தக் காலத்திலை ஆர் இப்பிடி நேரிலை வந்து சொல்லீனம்?" என்று புகழ்ந்தார்கள்.

எங்கே வந்து சொன்னார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்து, மிகக் கவனமாகப் பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.