பூட்டிய கேட்

நாகலூர் மேட்டில் காப்பிக்கொட்டை ஃபேக்டரி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. விடியும் முன்பே வேலை. பனியில் விறைத்த கையால் கலவைச் சட்டியைத் தலைக்கு ஏற்றினால் கண்ணாயிக்குக் கழுத்தெலும்பே நொறுங்குகிற மாதிரி இருக்கும். அதனால் கேட்டுக்கு வெளியே சருகு கூட்டித் தீ மூட்டி, எல்லோரும் குளிர் காய்ந்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மூட்டுவது எப்போதும் அவள்தான்.

உள்ளே போனதும் காண்ட்ராக்டர் கேட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். காப்பிப் பழம் பறிக்கும் காலம். எஸ்டேட்டில் கூலி அதிகம். கண் அசந்தால் ஆட்கள் அங்கே ஓடிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

அன்று சுவரோரம் அடுக்கியிருந்த தெர்மாகோல் மேல் வெல்டிங் பொறி விழுந்தது. அதை நகர்த்தச் சொல்லி வெல்டர் ஸ்தனிஸ்லாஸ் காலையிலேயே கேட்டிருந்தான். முதலில் வேலையை முடி என்று காண்ட்ராக்டரிடமிருந்து பதில் வந்தது. கரும்புகை கூரையை அடைத்தது. கண்ணாயியும் சிலரும் வேலித் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்தார்கள். அவள் புருசன் மூக்கனும், சித்தாள் அமுதாவும் வரவேயில்லை. சாவி காண்ட்ராக்டரோடு ஒண்டிக்கடை முக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தது. தீப்பிடித்தால் மாட்டைக்கூட அவிழ்த்துவிடுவார்கள்.

தீயணைப்புக்காரர்கள் சங்கிலியை அறுத்தபோது பூட்டு பூட்டியபடியே சேற்றில் விழுந்தது. கண்ணாயி அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கருமாதிக்கு முன்பே காண்ட்ராக்டர் அவள் வாசலுக்கு வந்தார்.

"அம்மிணி, நீ மூட்டின தீதான் பரவிருச்சுன்னு பேசிக்கறாங்க. கேட்டு தெறந்துதான் இருந்துச்சுன்னு சொல்லிரு. உன்மேல கேசு வராம நான் பாத்துக்கறேன்."

அவர் போனதும் அவள் அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். அன்று தீயை அணைத்தோமா? சொந்தப் புருசனைத் தானே கொன்றுவிட்டோமோ என்று நினைத்தபோது அழக்கூட வரவில்லை. ஸ்தனிஸ்லாஸிடம் போய்க் கேட்டாள். மூக்கன்தான் தண்ணீர் ஊற்றி அணைத்தான், நான் பார்த்தேன் என்றான் அவன். பொறி தன் கையிலிருந்து விழுந்ததையும் தானே சொல்லப்போவதாகச் சொன்னான். அன்று மாலை வேலையாட்கள் குடியிருந்த லைன் வீடுகளில் ஒருவர் பாக்கியில்லாமல் பேசி முடிவு செய்தார்கள்.

மறுநாள் ஃபேக்டரி கேட்டுக்குத் தாசில்தார் ஜீப் வந்தது; காண்ட்ராக்டர் பக்கத்திலேயே நின்றார். வெளியே தீ மூட்டியது யார் என்று தாசில்தார் கேட்டார்.

"நானுங்க," என்றாள் கண்ணாயி.

"நானுந்தானுங்க," என்றான் பின்னால் நின்ற வேலையாட்களில் சித்தன். ஆராயி முன்னால் வந்தாள், ஸ்தனிஸ்லாஸ் வந்தான், மொத்தக் கூட்டமும் வந்தது.

கண்ணாயி முந்தானையை அவிழ்த்து, கருகிய பூட்டை ஜீப்பின் மேல் வைத்தாள்.

"குளிர் காஞ்சது நாங்க எல்லாருமுங்க. பூட்டுனது இவரு ஒருத்தருங்க."

தாசில்தார் என்ன எழுதுவாரோ, யாருக்கும் தெரியாது. வேலையைப் பாருங்கள் என்று காண்ட்ராக்டர் கத்தினார். கலவைச் சட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு எல்லோரும் அவற்றின்மேல் உட்கார்ந்தார்கள். கேட் அகலத் திறந்து கிடந்தது. யாரும் உள்ளே போகவில்லை.